பெருமரங்களை இறக்கும் முறை

பெங்களூரு நகரின் அழகில் பெரும்பகுதி அதன் சாலை மரங்களால் அமைந்தது. 1908-இல் லால்பாக் தோட்டத்தின் பொறுப்பேற்ற கிரும்பீகல், ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு மரம் பூத்திருக்கும்படி சாலை மரங்களைத் தேர்ந்து நடச் செய்தார். அம்மரபில் வளர்ந்த தூங்குமூஞ்சி மரங்களும் குல்மொஹர் மரங்களும் பல, இன்று முதுமை எய்தியுள்ளன. கோடைமழைக் காற்றில் அவற்றுட் சில முறிந்து வீழ்கின்றன. வேறு சிலவற்றை வீழுமுன்பே அகற்ற வேண்டியிருக்கிறது.

காட்டில் மரத்தை ஒரு திசையில் சாய்த்துவிடலாம். மின்கம்பியும் வீடும் நெருங்கிய தெருவில் அதற்கு இடமில்லை. நுனியிலிருந்து துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றால் இறக்குவதே வழி. கோடரியும் தோள்வலிமையும் இருந்தால் இதற்குப் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணமே விபத்துக்கு வித்தாகும். இது பாரம் இறக்கும் தொழில், கணக்கறிந்து செய்யவேண்டியது.

அரை மீட்டர் விட்டமும் அரை மீட்டர் நீளமும் உள்ள பச்சை மரத்துண்டு ஏறத்தாழ 100 கிலோகிராம் எடை இருக்கும். கயிறு இறுகுமுன் அது 2 மீட்டர் விழுவதாகக் கொள்வோம். பின்னர் அதனை 20 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால், கயிற்றில் ஏறும் சராசரி விசை 1,100 கிலோகிராம் எடைக்குச் சமம். கயிற்றை மெல்ல நழுவவிட்டு மேலும் 2 மீட்டரில் நிறுத்தினால் அவ்விசை 200 கிலோகிராம் மட்டுமே. கயிறு கப்பியின் மேல் சென்று இருபுறமும் கீழிறங்குவதால், கப்பியைத் தாங்கும் மரம் ஏறக்குறைய இருமடங்கு விசையை ஏற்கிறது. ஆதலின் வெடுக்கென நிறுத்துதல் பெருந்தவறு.

நழுவவிடுவது எவ்வாறு? கயிற்றின் கீழ்முனையை அடிமரத்தில் சுற்றிப் பிடிக்கவேண்டும். உராய்வுக் கெழு 0.25 ஆயின், ஒரு முழுச்சுற்று இழுவிசையை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காக்கும். இரண்டு சுற்றுக்கள் இருபத்துமூன்றில் ஒரு பங்காக்கும். 200 கிலோகிராம் இழுவையை அப்போது ஒருவர் கையாலேயே அடக்கலாம். ஆனால் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளலாகாது.

இவை யாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. மேலே ஏறியவர் தம்மைக் கட்டிக்கொள்வது பெரும்பாலும் பாரம் தாங்கும் அதே மரத்தில்தான். அம்மரமோ நோயுற்றதனால் அகற்றப்படுவது! அடியில் காளான் முளைத்துள்ளதா, தட்டினால் பொந்தின் ஓசை எழுகிறதா, சாலைப்பணியில் வேர்கள் அறுபட்டனவா என்று ஆராயாமல் எவரையும் ஏற்றலாகாது. ஐயமிருப்பின் கிரேன் அமர்த்துக. அதன் செலவு ஓர் உயிரினும் பெரிதன்று.

கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம், 1976, மரத்தை வெட்ட மர அலுவலரின் அனுமதி வேண்டும் என்கிறது. வெட்டலாமா என்று ஆராயும் அதே கவனத்துடன் எவ்வாறு இறக்குவது என்பதும் முன்கூட்டியே எழுத்தில் தீர்மானிக்கப்பட வேண்டும் என்பது எம் கருத்து. களப்பணியாளர் இதனை வற்புறுத்தலாம். ஆசிரியர்களோ ஒரு கயிறும் ஒரு தூணும் கொண்டு, சுற்றுக்களின் ஆற்றலை வகுப்பிலேயே காட்டலாம். நிழல் தந்த மரத்தை இறக்கும்போது, அதில் ஏறிய மனிதரும் நலமே தரையிறங்க வேண்டும்.