பழைய இயந்திரங்களும் புதிய ஒயிலும்

2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீள அனுமதிக்கப்பட்டது. எனினும், வரிகளையும் சேர்த்துப் பார்க்கும்போது புதிய வாகனம் சாமானியருக்கு எட்டாக்கனியே. ஆகவே, மொறிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் எம்.டி. 90 மோட்டார் சைக்கிளையும் பேணி ஓட்டுவதைத் தவிர பலருக்கு வேறு வழியில்லை. இத்தகையோரிடையே, இன்று கடைகளில் விற்கப்படும் ஒயில் பழைய என்ஜினை அரித்துவிடும் என்றொரு அச்சம் பரவியிருப்பதை நாம் காண்கின்றோம்.

இவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. மொறிஸ் மைனர் போன்றவற்றின் என்ஜினில் கேம் தண்டின் முனைகள் தட்டையான ரப்பெற்றுகளின் மீது உராய்ந்தே இயங்குகின்றன. அவ்விடத்தில் உலோகம் உலோகத்தைத் தேய்க்காமல் காப்பது ஒயிலிற் கலக்கப்படும் துத்தநாக, பொஸ்பரஸ் சேர்வையாகும். ஆனால், அதே பொஸ்பரஸ் புதிய வாகனங்களின் புகைபோக்கியிலுள்ள வினையூக்கி மாற்றியைப் பழுதாக்குவதால் அதன் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. அமெரிக்க பெற்றோலிய நிறுவகத்தின் எஸ்.எல். தரத்தில் 0.10 சதவீதமாக இருந்த உச்ச வரம்பு, 2004இல் வந்த எஸ்.எம். தரத்தில் 0.08 சதவீதமாயிற்று.

அச்சமூட்டுவோர் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. இவ்வரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஒயில்களுக்கே உரியது. 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 ஆகிய தடித்த வகைகளை அது கட்டுப்படுத்தவில்லை. எமது வெப்பத்துக்கும் தேய்ந்த பெயாரிங்குகளுக்கும் ஏற்றவையும் இவையே. மேலும், கேம் தேய்வு பற்றிய முறைப்பாடுகள் பெரிதும் எழுந்தது வலிய வால்வுச் சுருள்களைக் கொண்ட அமெரிக்கப் பெரு என்ஜின்களிலாகும். மைனரின் சுருள்கள் அத்தனை இறுக்கமானவை அல்ல. விலை கூடியது நல்லதென்று எண்ணிப் பழைய காருக்கு 0டபிள்யூ-20 ஊற்றுவதே உண்மையான தவறு.

மெல்லிய ஒயிலின் கேட்டை வடபகுதி வாகன உரிமையாளர்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் மண்ணெண்ணெயில் கார்கள் ஓடியபோது, எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழிறங்கி ஒயிலை நீர்க்கச் செய்ததை அவர்கள் கண்டவர்கள்.

புதிய ஒயிலின் சுத்திகரிக்கும் தன்மை பழைய அழுக்கைக் கிளறிவிடும் என்பதும் ஓரளவு உண்மையே. பல்லாண்டு படிந்த கசடு இளகி ஒயில் வழிகளை அடைக்கலாம். கசடினால் மறைந்திருந்த கசிவுகளும் வெளிப்படலாம். ஆனால், அது கசடின் குற்றமேயன்றி ஒயிலின் குற்றமன்று. சம்பைக் கழற்றிச் சுத்தம் செய்து, முதல் தடவை ஒயிலை முன்கூட்டியே மாற்றினால் போதும். இதற்கஞ்சி, சேர்க்கைப் பொருள் எதுவுமற்ற எஸ்.ஏ. தர ஒயிலைத் தேடிச் செல்வது பேதைமை. 1930இன் பின்னர் தயாரிக்கப்பட்ட பெரும்பாலான பெற்றோல் என்ஜின்களுக்கு அது உகந்ததல்லவென அந்நிறுவகமே கூறுகின்றது.

மோட்டார் சைக்கிளின் கதை வேறு. அங்கு கிளச்சும் அதே ஒயிலிலேயே மூழ்கியிருக்கின்றது. எரிபொருள் சிக்கனத்துக்கென உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்க்கப்பட்ட கார் ஒயிலை ஊற்றினால் கிளச் வழுக்கும். ஜப்பானிய ஜாசோ எம்.ஏ. குறியீடு உள்ளதையே வாங்க வேண்டும்.

இக்குறியீடுகளை எத்தனை பேரால் வாசித்து விளங்கிக்கொள்ள முடியும் என்பதே எமது கேள்வி. இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மசகு எண்ணெய்ச் சந்தையின் நிழல் ஒழுங்குபடுத்துநராக நெடுங்காலம் செயற்பட்டு வந்துள்ளது. எந்த ஒயில் எவ்வகை வாகனத்துக்கு உரியது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் கொள்கலனிலேயே அச்சிடுமாறு விற்பனையாளர்களைப் பணிப்பது இயலாத காரியமன்று. வெற்றுக் கொள்கலன்களில் கழிவொயிலை நிரப்பி விற்போரைப் பிடிப்பதும் அதனுடன் சேர்ந்தே நடைபெற வேண்டும். பழைய என்ஜின்களைக் கொல்வதில் எந்தப் புதிய தரத்தையும் விட அக்கழிவொயிலே முன்னிற்கின்றது என்பது எமது கருத்து.