விலை இறங்கினால் வித்தியாசம் யாருக்கு?

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு பெரிய சண்டை. காரணம் விமான டிக்கெட்!

டில்லியில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். "முன்னாடியே போட்டாத்தான் மலிவு" என்று அவசரப்படுத்தி, சீட்டு எடுத்த பணத்தில் சென்னையிலிருந்து நாலு டிக்கெட் போட வைத்தவள் நான்தான். ஒரு டிக்கெட் 8,200 ரூபாய். பத்து நாள் கழித்துப் பார்த்தால் அதே தேதி, அதே விமானம், 6,400 ரூபாய்! நாலு பேருக்கு 7,200 ரூபாய் வித்தியாசம். "உன் பேச்சைக் கேட்டேன் பாரு" என்று இவர் ஆரம்பித்துவிட்டார். ஒரு நல்ல பட்டுப்புடவையே எடுத்திருக்கலாமே என்று எனக்கும் வயிறு எரிந்தது.

டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்டிடம் கேட்டால், "கேன்சல் பண்ணிட்டுப் புதுசா போட்டுக்குங்கம்மா" என்கிறார். கேன்சல் செய்தால் டிக்கெட்டுக்கு 3,500 ரூபாய் பிடித்தம். 1,800 ரூபாயை மீட்க 3,500 ரூபாயைத் தொலைப்பார்களா? பேசாமல் வந்துவிட்டோம். அதன்பிறகு, காலேஜில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணை உட்கார வைத்து, விதிகளைப் படித்துச் சொல்லச் சொன்னேன். தெரிந்துகொண்டதை மற்ற சகோதரிகளுக்கும் சொல்லலாமே என்றுதான் இந்தக் கடிதம்.

1994-ல் ஏர் கார்ப்பரேஷன் சட்டம் ரத்தான பிறகு, கட்டணத்தைக் கம்பெனிகளே நிர்ணயிக்கின்றன. ஒரே விமானத்தின் இடங்களையே பல விலைப் படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கீழ்ப்படி தீர்ந்தால் மேல்படி. விற்காமல் தேங்கினால் மறுபடியும் கீழே இறக்குகிறார்கள். காலையில் ஒரு விலை, வெயில் ஏறியதும் ஒரு விலை என்று சந்தையில் தக்காளி விற்பதில்லையா, அந்தக் கதைதான்.

நாம் டிக்கெட் போட்ட பிறகு விலை ஏறினால் கம்பெனிக்காரர்கள் நம்மிடம் கூடுதல் பணம் கேட்பதில்லை. 2014 ஜூனில் ரயில் கட்டணம் ஏறியபோது, முன்பதிவு செய்திருந்தவர்களிடமும் வித்தியாசத்தை வசூலித்தார்கள். விமானத்தில் அப்படிச் செய்வதில்லை. அதனால் விலை இறங்கியதற்கு மட்டும் பணம் கொடு என்று நாம் கேட்பதில் நியாயம் குறைவுதான். இதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கேன்சல் பிடித்தம் இருக்கிறதே, அங்கேதான் அநியாயம்! பயணத்துக்கு இரண்டு மாதம் முன்னாலேயே ரத்து செய்தால், அந்த இடத்தை வேறொருவருக்கு விற்க அவர்களுக்குத் தாராளமாக நாள் இருக்கிறது. அப்புறம் எதற்கு இவ்வளவு பெரிய பிடித்தம்? ரயிலில் முன்கூட்டியே ரத்து செய்தால் கொஞ்சமாகவும், நாள் நெருங்கிய பிறகு செய்தால் அதிகமாகவும் பிடிக்கிறார்கள். அந்த நியாயம் விமானத்துக்கும் வேண்டாமா?

மனசு வைத்தால் வித்தியாசத்தைத் தரவும் முடியும். 2025 டிசம்பரில் ஏராளமான விமானங்கள் ரத்தாகி, கட்டணம் தாறுமாறாக ஏறியதே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது மத்திய அரசு தலையிட்டு, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய் என்றெல்லாம் உச்சவரம்பு போட்டது. அது முழுதாக அமலாகும் வரை வரம்பை மீறி வசூலான அடிப்படைக் கட்டணத்தில் வித்தியாசத்தைத் திருப்பித் தருவதாக ஏர் இந்தியா அறிவித்தது. மேலே இருந்து ஒரு அதட்டல் போட்டால் கணக்குப் பார்த்துத் தர வழி இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

நாம் செய்யக்கூடியது இதுதான். 2019-ல் வெளியான பயணிகள் சாசனப்படி, பயணத்துக்கு ஏழு நாளுக்கு மேல் இருக்கும்போது கம்பெனியிடமே நேரடியாக டிக்கெட் போட்டால், 24 மணி நேரத்துக்குள் பிடித்தமில்லாமல் ரத்து செய்யலாம் என்று இருந்தது. 2025 நவம்பரில் இதை 48 மணி நேரமாக்க வரைவு ஒன்றும் வெளியானது. ஆகவே டிக்கெட் போட்ட மறுநாளே 'அப்பாடா' என்று இருந்துவிடாதீர்கள். கெடு முடிவதற்குள் இன்னொரு தடவை விலையைப் பாருங்கள். கெடு தாண்டிவிட்டால், இறங்கிய தொகை பிடித்தத்தை விட அதிகமா என்று கணக்குப் போட்ட பிறகே ரத்து செய்யுங்கள். ஏஜென்டின் சர்வீஸ் சார்ஜையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். தள்ளுபடி டிக்கெட், பைசா திரும்பாது என்று சொல்லி நம் வாயை அடைப்பார்கள். நம்பாதீர்கள். அந்த டிக்கெட்டை ரத்து செய்தாலும், ஏன், பயணமே போகாவிட்டாலும், அரசு வரிகளையும் விமான நிலைய உபயோகக் கட்டணத்தையும் திருப்பித் தரவேண்டும் என்பது விதி. பிடித்தமும் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்டக்கூடாது. தர மறுத்தால் அமைச்சகத்தின் 'ஏர் சேவா'வில் புகார் செய்யலாம். நுகர்வோர் உதவிக்கு 1915 என்ற எண் இருக்கிறது.

விமானம் என்றாலே பணக்காரர் சமாச்சாரம் என்ற காலம் மலையேறிவிட்டது. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க, சிறுகச் சிறுகச் சேர்த்து டிக்கெட் எடுக்கும் அம்மாக்கள் எத்தனை பேர்! ரத்து செய்யும் நாளைப் பொறுத்துப் பிடித்தத்தைக் குறைக்க அரசு ஒரு விதி கொண்டு வந்தால், அவர்கள் வாழ்த்துவார்கள். செய்வார்களா?

கடைசியாக வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை. விலை ஏறியிருந்தால் "என் மனைவி கெட்டிக்காரி" என்று சொல்லியிருப்பீர்களா? இறங்கினால் மட்டும் எங்கள் தலையை ஏன் உருட்டுகிறீர்கள்?

- ஒரு வாசகி, காஞ்சிபுரம்.