பிளைவுட் ஒட்டினால் தோணி பிழைக்குமா?



தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் ஒரு பழைய தோணியின் மேல்தளத்துக்கு ஓடாவிகள் புதுப் பலகை இழைக்கும் படத்தைப் போன வாரம் போட்டிருந்தேன். "சார், மேலே பிளைவுட் ஒட்டி ஃபைபர் பூசினால் பாதிச் செலவுதானே?" என்று என்னிடம் படித்த பொறியாளர் ஒருவர் கேட்டிருக்கிறார். அன்றைக்கும் கணக்கில் அவருக்கு அவசரம்தான்!

தம்பி, தளத்தை உளுக்க வைப்பது கடல் தண்ணீர் அல்ல, மழைத் தண்ணீர். மேலே மூடிவிட்டால், இடுக்கில் இறங்கிய ஈரம் காய வழியில்லாமல் அடியில் தாங்கும் உத்திரத்தையே தின்றுவிடும். அதனால்தான் கெட்ட பலகையைக் கழற்றி, அதே கனத்தில் புதிது செய்து, இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடிக்கிறார்கள்.

"பலகையை மாற்றினால் அது பழைய தோணியா?" என்று இன்னொருவர். சக்கரம் மாற்றினால் தேர் வேறாகிவிடுமா?

வல்வெட்டித்துறை ஓடாவிகள் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் வரை போய்ச் சேர்ந்தது. அந்தக் கைவேலைதான் இது.

படத்தில் இழைப்புளி பிடித்திருப்பவருக்கு என் வயது. பக்கத்தில் கற்றுக்கொள்ள ஒரு பையன்கூட இல்லை. நீங்கள் மிச்சம் பிடிக்கச் சொல்லும் அந்தப் பாதிச் செலவு, அவருடைய கூலி.