சிறிதேயாயினும் நாள்தோறும்!



காலில் ஒரு சிறு புண். செருப்புக் கடித்ததென்று எண்ணி மஞ்சள் பூசிக்கொண்டு தம் வேலையைப் பார்த்தார் ஒருவர். பத்து நாள் கழிந்தும் புண் ஆறவில்லை. மருத்துவரிடம் சென்றபோதுதான், பல ஆண்டுகளாகவே தம்மிடம் நீரிழிவு குடியிருந்ததை அவர் அறிந்தார். முடிவில் ஒரு விரலை இழந்தார். இப்படி ஒருவரை அறியாத தெரு நம் திண்டுக்கல்லில் உண்டா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் துணையோடு நடந்த பேராய்வு ஒன்றின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டில் வெளியாயின. நம் நாட்டில் நீரிழிவு உள்ளோர் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேர். அதன் வாசற்படியில் நிற்போர் 13 கோடியே 60 லட்சம் பேர் என்று அது கணித்தது. வலியோ காய்ச்சலோ தந்து எச்சரிக்காமல், ஓசையின்றி வருவதே இந்நோயின் இயல்பு. இரத்தக் கொதிப்பும் அவ்வாறே.

இதைக் கேட்டதும் நாம் என்ன செய்கிறோம்? “நாளை முதல் ஒரு மணி நேரம் நடப்பேன், இனிப்பைத் தொடவே மாட்டேன்” என்று சூளுரைக்கிறோம். முதல் வாரம் நடக்கிறோம். இரண்டாம் வாரம் மழை. மூன்றாம் வாரம் திருமணம். நான்காம் வாரம் சூளுரையும் இல்லை, நடையும் இல்லை. நம் மன உறுதி குறைவுதான் காரணமென்று நம்மையே நொந்துகொள்கிறோம்.

அது உண்மைதானா? சிந்தித்துப் பாருங்கள்! ரமலான் பிறை தென்பட்ட இரவிலேயே ஒரு வீடு முழுவதும் தன் உணவு நேரத்தை மாற்றிக்கொள்கிறதே! நாளொன்றுக்கு ஆறு டீ குடிப்பவர் பகல் முழுவதும் ஒரு மிடறு நீருமின்றி இருக்கிறார். பத்து வயதுப் பிள்ளையும் ஸஹருக்கு எழுந்து அமர்கிறது. இவ்வளவு பெரிய மாற்றம் ஒரே நாளில் எப்படிக் கைகூடியது? இறையச்சம் முதற்காரணம், ஐயமில்லை. அதனோடு வேறு இரண்டும் துணை நிற்கின்றன. ஒன்று, குறித்த நேரம். மற்றொன்று, வீட்டார் அனைவரும் சேர்ந்து செய்தல். இவ்விரண்டும் இருந்தால் அரியதும் எளிதாகிறது. இவ்விரண்டும் இல்லாததால்தான் நம் சூளுரைகள் உதிர்ந்து போகின்றன.

சிறிதேயாயினும் விடாது செய்யப்படும் நற்செயலே இறைவனுக்கு மிக உவப்பானது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்த பாடம். வணக்கத்திற்குச் சொல்லப்பட்ட இவ்விதியை உடல்நலத்திற்கும் கைக்கொண்டால் என்ன? நம் நாளுக்கு ஐந்து வக்துகள் என்னும் ஐந்து முளைகள் ஏற்கெனவே அடிக்கப்பட்டிருக்கின்றன. புதிய பழக்கத்தை அவற்றில் ஒன்றில் கட்டிவிடுங்கள்; அது தானே நிற்கும்.

ஒளுச் செய்யும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். நீரிழிவு முற்றியவர்க்குப் பாதத்தின் உணர்ச்சி குன்றிவிடும். முள் குத்தினாலும் தெரியாது. ஆகவே நாள்தோறும் பாதத்தை நோக்க வேண்டுமென்கிறார்கள் மருத்துவர்கள். கால் கழுவும்போது விரலிடுக்குகளைப் பாருங்கள். கழுவிய பின் ஈரம் போகத் துணியால் ஒற்றியெடுங்கள். இதற்கு அரை நிமிடம் போதும். முதலில் சொன்ன அந்தச் சகோதரர் இதைச் செய்திருந்தால், அவர் புண் தொடக்கத்திலேயே மருத்துவரைச் சென்றடைந்திருக்கும்.

நடைக்குப் பஜ்ருத் தொழுகையை முளையாகக் கொள்ளலாம். வாரத்திற்கு 150 நிமிடமேனும் சற்று விரைந்து நடக்க வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளைக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் நடந்தால் அது நிறைவேறிவிடும். பள்ளிவாசலுக்கு வண்டியை விட்டு நடந்து செல்லுங்கள். திரும்பும்போது மலைக்கோட்டைப் பக்கமாகச் சற்றுச் சுற்றி வாருங்கள். துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் காத்திருப்பார் என்ற எண்ணமே உங்களை எழுப்பும்.

இனி உணவு. டீ ஒன்றுக்கு இரண்டு கரண்டிச் சீனி; நாளைக்கு நான்கு டீ. கரண்டிக்கு 4 கிராம் என்றாலும் 32 கிராம் ஆகிறது. நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் நலம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இன்றே சீனியை விலக்க வேண்டாம். இரண்டை ஒன்றாக்குங்கள், நாவு சில வாரங்களில் பழகிவிடும். உப்பு, எல்லாம் சேர்த்து நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் இந்தக் கணக்கில் அடங்கும். கேரளம் வரை காய்கறி அனுப்பும் ஒட்டன்சத்திரம் சந்தை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆயினும் நம் தட்டில் சோறு மலையாகவும் காய் ஓரமாகவும் கிடப்பது முறையா? விருந்தில் நெய்ச்சோறும் தாளிச்சாவும் உண்பது குற்றமன்று. நாள்தோறும் விருந்துண்பதே குற்றம். உண்ணவும் பருகவும் அனுமதித்த திருமறை, வரம்பு மீறுவதைத்தானே தடுத்தது!

இங்கே வீட்டின் ஆண்மக்களிடம் ஒரு சொல். அத்தாவுக்கு மருந்து, பிள்ளைக்குப் பால் என்று கணக்காகப் பார்க்கும் வீட்டுத் தலைவி, தான் மட்டும் எல்லாரும் உண்டபின் மிஞ்சியதை உண்கிறாள். அவள் எப்போது நடந்தாள்? அவளுடைய இரத்தக் கொதிப்பை யார் பார்த்தார்கள்? அஸருக்குப் பின் அவளுக்கு அரைமணி விடுதலை கொடுங்கள். அண்டை வீட்டுப் பெண்களோடு அவள் நடந்து வரட்டும். இயலாதபோது மொட்டை மாடியிலேனும் நடக்கட்டும். அவளையும் உடனமர்த்தி உண்ணுங்கள்.

நோய் வருமுன் காக்கும் வழி நமக்கு அயலானதும் அன்று. திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியில், சின்னாளப்பட்டிக்கு அருகே, மருத்துவர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் ஜி. இராமச்சந்திரன் அவர்களும் 1947-இல் காந்திகிராமத்தை நிறுவினார்கள். நோயாளி வரட்டும் என்று மருத்துவமனையோடு அவர்கள் நின்றுவிடவில்லை. கல்வியையும் கிராமத் தொண்டையும் மருத்துவத்தோடு இணைத்தார்கள். 1964-இல் கிராம சுகாதாரத்திற்கென்றே அங்கு ஒரு நிறுவனம் எழுந்தது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மருந்து வீட்டு வாசலுக்கே வந்தது.

ஆகவே முப்பது வயது கடந்தோர் அரசு சுகாதார நிலையத்திற்குச் சென்று இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் சோதித்துக்கொள்ளுங்கள். நோய் இருப்போர் நடக்கத் தொடங்கிவிட்டோமென்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள். நோன்பு காலத்தில் மருந்தின் நேரத்தை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சகோதரர்களே! இவை அனைத்தையும் இன்றே தொடங்க வேண்டாம். ஒன்றே ஒன்றைத் தேர்ந்து, ஒரு வக்தோடு கட்டி, வீட்டாரோடு சேர்ந்து செய்யுங்கள். அடுத்த ரமலான் வரை அது நின்றால் இரண்டாவதைத் தொடங்குங்கள். உடல் நம் உடைமையன்று. இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பழுதின்றித் திருப்பிக் கொடுக்கும் நற்பேற்றை அவன் நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.