கட்டியும் கலக்கமும்

மார்பகத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் நம் பெண் அதை முதலில் யாரிடம் சொல்கிறாள்? பெரும்பாலும் யாரிடமும் சொல்வதில்லை. அதிலும், பெருத்த மார்பகத்தின் சுமை தாளாமல் அதைக் குறைக்க அறுவை செய்துகொண்டவள் என்றால், அவள் வாய் இருமடங்கு அடைபட்டுவிடுகிறது. “நல்லா இருந்ததைக் கைவைத்துக் கெடுத்துக்கொண்டாயேடி” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் சொல்லுக்கு அஞ்சுகிறாள்.

நான் விலங்கியல் முதுகலை மாணவி. ஆரணியிலிருந்து சித்தூருக்குப் பிழைக்க வந்த குடும்பத்தில் பிறந்து, இன்று திருப்பதியில் படிப்பவள். சென்ற ஆண்டு அந்த அறுவையைச் செய்துகொண்டேன். கழுத்துவலி போயிற்று. தோளில் பள்ளமாய்ப் பதிந்திருந்த பட்டைத் தடமும் மறைந்தது. ஆனால் நான்காம் திங்களில் தழும்பின் அருகே சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி தோன்றிற்று.

அது என்ன? அறுவையின்போது கொழுப்புத் திசுவின் சில பகுதிகளுக்கு இரத்த ஓட்டம் குறையக்கூடும். அங்குள்ள அணுக்கள் மடிகின்றன. அவற்றின் எண்ணெய் கசிகிறது. உடல் அதைச் சுற்றித் தழும்புத் திசுவால் சுவர் எழுப்புகிறது. அதுவே கட்டியாகக் கைக்குத் தட்டுப்படுகிறது. இது புற்றுநோயன்று, புற்றுநோயாக மாறுவதுமில்லை. சில வேளை சுண்ணாம்புச் சத்து படிந்து, பல ஆண்டுகளுக்குப் பின்னும் மாமோகிராம் படத்தில் ஐயத்தை எழுப்பும். ஆகவே படம் எடுப்பவரிடம் அறுவை நடந்ததை மறவாமல் சொல்ல வேண்டும்.

இதைப் படித்ததும், “அப்படியானால் எல்லாக் கட்டியும் தழும்புதான்” என்று ஆறுதல் கொள்ளலாமா? கூடாது! இந்த அறுவையில் மார்பகத் திசு முழுவதும் நீக்கப்படுவதில்லை. எஞ்சிய திசுவில் புற்றுநோய் தோன்ற இடமுண்டு. விரல் நுனி ஐயத்தை எழுப்புமேயன்றித் தீர்ப்புச் சொல்லாது. மருத்துவர் தொட்டுப் பார்க்க வேண்டும்; வயதுக்கேற்ப அல்ட்ராசவுண்டோ மாமோகிராமோ எடுக்க வேண்டும்; ஐயம் தீராவிடில் ஊசியால் சிறு துணுக்குத் திசு எடுத்து நுண்ணோக்கியில் காண வேண்டும். கட்டி வளர்ந்தாலோ, தோல் குழிந்தாலோ, காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொண்டாலோ, அதிலிருந்து இரத்தம் கசிந்தாலோ, அக்குளில் கட்டி தென்பட்டாலோ, நாள் கடத்தலாகாது. மார்பகம் சிவந்து கொதித்துக் காய்ச்சலும் கண்டால், அன்றே செல்ல வேண்டும்.

எனக்கு ஊசிச் சோதனை செய்தார்கள். மடிந்த கொழுப்பே என்று முடிவு வந்தது. அந்த முடிவு வரும்வரை ஒன்பது இரவுகள் நான் உறங்கவில்லை. அறுவை முடிந்து வீடு திரும்பியபோது தந்த தாளில் மாத்திரையின் பெயர் இருந்தது. தையல் பிரிக்கும் நாள் இருந்தது. இப்படியொரு கட்டி வரக்கூடும் என்ற ஒரு வரி இல்லை. அந்த வரி சோதனைக்கு ஈடாகாது. ஆயினும் என் உறக்கத்தைக் காத்திருக்கும்.

தாளில் இருந்த சிலவும் ஆங்கிலத்தில்தான். சித்தூர் மாவட்டத்துத் தமிழ்ப் பெண்கள் எத்தனை பேர் அதைப் படிப்பார்கள்? நாம் ‘கட்டி’ என்பதைத் தெலுங்கர் ‘கட்ட’ என்பர். மொழிகள் இவ்வளவு நெருங்கியிருக்க, பெண்ணுக்கும் மருத்துவருக்கும் இடையே மௌனம் மட்டும் ஏன் மலைபோல் நிற்கிறது? மார்பைத் திருகி எறிந்து மதுரையை எரித்த கண்ணகியின் காப்பியத்தைப் பாடமாகப் படிக்கிறோம். அந்த உறுப்பின் பெயரை மருத்துவரிடம் சொல்ல நமக்கு நா எழவில்லை!

மருத்துவ நிலையங்கள் இல்லாத ஊரா இது? 1993 முதல் திருப்பதியில் ஸ்விம்ஸ் மருத்துவமனை இயங்குகிறது. திருப்பதி தனி மாவட்டமான 2022ஆம் ஆண்டிலேயே, டாட்டா அறக்கட்டளையின் முயற்சியால் புற்றுநோய் மருத்துவமனையும் இங்கே திறக்கப்பட்டது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அத்துயரைத் தமக்குள் புதைத்துவிடவில்லை. அவர் முயற்சியால் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் எழுந்தது. அவர் வழிவந்த நாம் வாய்மூடி இருக்கலாமா?

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பட்டிமன்றம் நடத்துகிறோம், மலர் வெளியிடுகிறோம். இவ்வாண்டு ஒரு தாளும் அச்சிடுவோம். அறுவைக்குப் பின் எவை இயல்பு, எவை ஐயத்துக்குரியவை, எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பவற்றை ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் தெலுங்கிலும் எழுதி, மருத்துவர் ஒருவரிடம் காட்டித் திருத்தி, மருத்துவமனைகளுக்குக் கொடுப்போம். தமிழ்ப் பக்கத்தை எழுதும் பணியை நான் ஏற்கிறேன். தெலுங்குப் பக்கத்துக்குத் தோழியர் எவர் வருவீர்?