எந்த இதயத்தின் கணக்கு?

பெண் ஓடினால் மட்டும் ஊருக்கு அவள் இதயத்தின் மேல் அக்கறை வந்துவிடுகிறது. கல்வராயன் மலைச் சரிவில் விறகுக்கட்டைச் சுமந்து ஏறும் பழங்குடிப் பெண்ணின் நாடியை யார் பிடித்துப் பார்த்தார்கள்? அங்கேயும் நெஞ்சு படபடவென்றுதான் அடிக்கிறது. ஆனால் அது வேலை, ஆகவே ஆபத்தில்லை! அவள் மகள் கள்ளக்குறிச்சிக்கு வந்து காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகினால், "படபடன்னு வருதா? போதும், உட்காரு" என்கிறார்கள். 1928 ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடிய பெண்கள் களைத்துப்போனார்கள் என்று சொல்லி, 1960 வரை அந்தப் போட்டியையே நிறுத்திவைத்தவர்களின் குரல்தான் இது.

படபடப்பு நோயல்ல. பெண்ணின் இதயம் சராசரியில் ஆணுடையதைவிடச் சிறியது. ஒரு துடிப்புக்கு வெளியேற்றும் ரத்தமும் குறைவு. அதே வேலைக்கு அது கூடுதலாகத் துடித்தாக வேண்டும்.

எத்தனை வரை துடிக்கலாம்? கைக்கடிகாரம் முதல் உடற்பயிற்சிக் கூடத்துச் சுவர் வரை ஒரே விடைதான்: 220-இல் வயதைக் கழி, மிஞ்சுவதில் 85 விழுக்காட்டைத் தாண்டாதே. 1970களின் தொடக்கத்தில், பெரும்பாலும் ஆண்களைச் சோதித்த ஆய்வுகளைத் தொகுத்துப் போட்ட குத்துமதிப்பு அது. 2010-இல் மார்த்தா குலாட்டியின் குழு, சிகாகோ வட்டாரத்தில் 5,437 பெண்களைச் சோதித்த விவரங்களிலிருந்து வேறு கணக்குச் சொன்னது: வயதை 0.88-ஆல் பெருக்கி 206-இலிருந்து கழிக்க வேண்டும். எனக்கு 40 வயது. பழைய கணக்கில் என் உச்சம் 180, புதியதில் 171. ஒன்பது துடிப்புதானே என்று தோன்றலாம். பழைய உச்சத்தை எட்டாத பெண்ணை இதயம் சரியில்லாதவள் என்று எழுதிவிட அந்த ஒன்பது போதும். (இரண்டுமே சராசரிதான். தனியொருத்திக்குப் பத்துத் துடிப்பு கூடவோ குறையவோ இருக்கும்.)

உண்மையான ஆபத்தைப் பற்றி மட்டும் பேச்சில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் குறைந்தால், அதே ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்க இதயம் கூடுதலாக அடிக்கிறது. மெல்ல ஓடினாலும் மூச்சு வாங்குகிறது. அதைக் காட்டி "பொம்பள உடம்பு தாங்காது" என்கிறவர்கள் யார்? அவளைக் கடைசியாகச் சாப்பிட வைத்தவர்கள்தான்.

காவலர் தேர்வில் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் முடிக்க வேண்டிய தங்கைக்குச் சொல்கிறேன். பழகும் நாட்களில், பக்கத்தில் ஓடுகிறவளோடு பேச முடிந்தால் அந்த வேகம் சரி. நெஞ்சுவலி, மயக்கம், தாளம் தப்பிய துடிப்பு வந்தால் நின்றுவிடு, மருத்துவரைப் பார். அதற்கும் முன்னால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள். 12-க்குக் கீழே இருந்தால் அங்கே மாத்திரையைக் கேட்டு வாங்கு. வீட்டில் அண்ணன் தட்டுக்குப் போகிற முட்டையில் உன் பங்கையும் கேட்டு வாங்கு.