இல்லத்திற்கும் ஒரு காப்பு

ஆடித் திங்கள் பிறந்துவிட்டால் மலேசியாவின் மாரியம்மன் ஆலயங்களில் கூழ் வார்த்தலும் பால்குடமும் களைகட்டும். நோய்நொடி அண்டாமல் காக்க வேண்டும் என்பதே அன்னையின் சந்நிதியில் தாய்மார்கள் வைக்கும் முதல் வேண்டுதல். முன்னோர் வைசூரிக்கு அஞ்சி அன்னையை நாடினர். அந்நோய் உலகை விட்டே ஒழிந்துவிட்டதாக 1980ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஆயினும், இன்று டிங்கிக் காய்ச்சல் வாசலில் நிற்கிறது. 2019ஆம் ஆண்டில் மட்டும் மலேசியாவில் 130,000 பேருக்கு மேல் இந்நோய் கண்டது. 182 பேர் உயிரிழந்தனர்.

இந்நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் சாக்கடையை நாடுவதில்லை. தெளிந்து தேங்கிய நீரையே நாடுகிறது. முட்டை கொசுவாகிப் பறக்க 7 முதல் 10 நாட்களே போதும். நீர் வற்றினாலும் அதன் முட்டை பாத்திரத்தின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு பல மாதங்கள் உயிர்த்திருக்கும். ஆகவே, நீரைக் கொட்டினால் மட்டும் போதாது; பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். புகைமருந்து பறக்கும் கொசுவையே கொல்லும். நீரில் நெளியும் புழுவை அது தீண்டாது.

பூஜையறைக் கும்பம், பூச்சாடி, துளசித் தொட்டியின் அடித்தட்டு, கால் கழுவ வாசலில் வைத்த நீர் ஆகிய அனைத்தும் புனிதமானவையே. ஆனால், மாற்றாமல் விட்ட நீர் புனிதம் அறியாத கொசுவுக்குத் தொட்டிலாகிவிடும். அவற்றை வாரம் ஒருமுறையேனும் மாற்றுதல் வேண்டும். குளியலறைத் தொட்டியை மூடி வைத்தலும், கூரையோரக் கால்வாயில் அடைத்த சருகை அகற்றுதலும் அவசியம்.

ஆலய நிர்வாகத்தினருக்கும் இதில் பெரும் பொறுப்புண்டு. நேர்த்திக்கடனாக உடைத்த தேங்காய்களின் சிரட்டைகளும், அன்னதானத்திற்குப் பின் சிதறிய குவளைகளும் ஒரு மழைக்கே கொசுப் பண்ணையாகிவிடும். விழா முடிந்த மறுநாளே அவற்றை அப்புறப்படுத்துவது கடமையாகும். கொசு வளர இடந்தருவது 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமுமாகும்.

காய்ச்சல் கண்டால் ஆஸ்பிரின் உட்கொள்ளாமல் மருத்துவரை நாட வேண்டும். காய்ச்சல் தணிந்த பின் கடும் வயிற்றுவலியோ ஓயாத வாந்தியோ இரத்தக் கசிவோ தோன்றினால், குணமாகிவிட்டது என எண்ணி ஏமாறாமல் உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

விரதம் பூணும் அன்பர்கள் கையில் காப்புக் கட்டிக்கொள்கின்றனர். வாரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி வீட்டைச் சுற்றிப் பார்ப்பது இல்லத்திற்குக் கட்டும் காப்பு. அண்டை வீட்டுக் குழந்தையையும் அதுவே காக்கும். அன்னை விரும்பும் தொண்டும் அதுவே.